சரளமாக வாசிக்கிறார்கள், ஆனால் புரியவில்லை

கேள்வி: ஆறாம் வகுப்புப் பிள்ளைகள் தடங்கலில்லாமல் வாசிக்கிறார்கள், ஆனால் என்ன படித்தாய் என்று கேட்டால் முழிக்கிறார்கள், எழுதச் சொன்னால் பத்தியிலிருந்து ஒரு வரியை அப்படியே தூக்கி வைக்கிறார்கள். எங்கே தொடங்குவது?

பதில் 1: அதே பத்தியை நீங்கள் வாசித்துக் காட்டிவிட்டுக் கேளுங்கள். அப்போதும் முழித்தால் சிக்கல் பெரும்பாலும் சொல்வளத்திலும் பின்னணி அறிவிலும்தான்.

பதில் 2: கல்வி ஆய்வாளர்களான பாலின்சாரும் பிரவுனும் 1984-இல் விவரித்த முறை ஒன்று உண்டு. சிறு குழுவில் பிள்ளைகளே மாறி மாறி ஆசிரியராகி, கேள்வி கேட்டு, புரியாததைத் தெளிவாக்கி, சுருக்கிச் சொல்லி, அடுத்து என்ன வரும் என்று ஊகிப்பார்கள். முதல் வாரம் சந்தைக்கடைதான், பொறுத்துக்கொள்ளுங்கள்.

பதில் 3: எழுதும்போது புத்தகத்தை மூடச் சொல்லுங்கள்.

கேட்டவர்: சரி, மனப்பாடம் செய்பவர்களை?

பதில் 3: பக்கத்துப் பிள்ளைக்குச் சொல்லட்டும், அவன் நடுவில் ‘ஏன்?’ என்று கேட்கட்டும்.