மம்பிளில் தேவார வகுப்பு: குரல் பிந்தி வருகிறது, வழி சொல்லுங்கள்

வணக்கம். சனிக்கிழமை மாலைகளில் 11 பேர் தேவாரம் படிக்கிறோம். சொல்லித்தரும் அத்தை சிங்கப்பூரின் ஈசூனில் இருக்கிறார். முழங்கால் வலியால் வெளியே வர முடிவதில்லை. அதனால் 3 மாதங்களாக இணையம் வழியே குரலில் பேச உதவும் மம்பிள் என்ற கட்டற்ற மென்பொருளில் பாடம் நடக்கிறது. உட்லண்ட்ஸில் என் வீட்டுப் பழைய மடிக்கணினிதான் சர்வர்.

முதல் வாரம் தம்புரா ஒலியே காணாமல் போயிற்று. இரைச்சலைக் குறைக்கும் வசதி, ஒரே சீராக ஒலிக்கும் சுருதியை விசிறிச் சத்தம்போல் வெட்டிவிட்டது. அதை அணைத்ததும் சுருதி திரும்பியது. அத்தை கண்ணை மூடிக்கொண்டு, தொடையில் தாளம் போட ஆரம்பித்துவிட்டார்.

இப்போதைய சிக்கல் வேறு. வெளியிலிருந்து இணைய, ரூட்டரில் மம்பிளின் வாசலான 64738 போர்ட்டை டிசிபி, யுடிபி என்ற தரவு அனுப்பும் முறைகள் இரண்டுக்கும் திறந்திருக்கிறேன். வீட்டு வைஃபையில் வருபவர்களுக்குக் குறையில்லை. கைப்பேசி இணையத்தில் மம்லா என்ற மம்பிள் செயலி வழியாக வரும் 2 பேருக்கு மட்டும் இணைப்பு யுடிபியை விட்டு டிசிபிக்கு மாறிவிடுகிறது. டிசிபியில் ஒரு தரவுத் துணுக்கு தொலைந்தாலும், அது மறுபடி வரும்வரை பின்னால் வருபவை எல்லாம் காத்துக் கிடக்கும். அத்தை ஓர் அடியைப் பாடி முடித்த பிறகும் அவர்கள் பாதி அடியில் நிற்கிறார்கள்.

போர்ட் எண்ணை மாற்றினால் சரியாகுமா, சிம்மையே மாற்ற வேண்டுமா? சிங்கப்பூரில் இதைச் செய்து பார்த்தவர்கள் சொல்லுங்கள். ஜிட்சி என்ற காணொளி அழைப்பு மென்பொருளும் நல்லதுதான், ஆனால் மம்பிளில் பேசுவதற்கு அழுத்தும் ஒற்றைப் பொத்தானுக்கு அத்தை பழகிவிட்டார், அவரை மாற்ற மனமில்லை.

வரும் சனிக்கிழமைக்குள் யாராவது கைப்பேசி இணையத்திலிருந்து 10 நிமிடம் இணைந்து சோதித்துப் பார்த்தால் பேருதவியாக இருக்கும்.