குளத்தைச் சுத்தம் செய்தோம், இரண்டே மாதத்தில் பழையபடி ஆகிவிட்டது. பிள்ளைகளிடம் என்ன சொல்வது?

நாணல்:
வணக்கம். எட்டாம் வகுப்புக்கு அறிவியல் எடுக்கிறேன். போன பருவத்தில் 32 பிள்ளைகளோடு பள்ளிக்குப் பக்கத்துக் குளத்தில் ஒரு சனிக்கிழமை முழுக்க ஆகாயத்தாமரையை இழுத்துக் கரையில் போட்டோம். 11 மூட்டை பிளாஸ்டிக் பொறுக்கினோம். இப்போது போய்ப் பார்த்தால் பச்சைப் பாய் விரித்த மாதிரி மறுபடி மூடிக் கிடக்கிறது. "அப்போ நாம செஞ்சது வீணா மிஸ்?" என்று ஒரு மாணவி கேட்டாள். எனக்குப் பதில் வரவில்லை. இதைத் தொடர்ந்து செய்தவர்கள் யாராவது வழி சொல்லுங்கள்.

தட்டான்:
வீண் இல்லை டீச்சர். ஆனால் ஆரம்பித்த இடம்தான் மாற வேண்டும். சத்தும் வெயிலும் கிடைத்தால் ஆகாயத்தாமரை இரண்டு வாரத்திலேயே இரட்டிப்பாகிவிடும். கழிவுநீரும் வயல் உரமும் நைட்ரஜனையும் பாஸ்பரஸையும் கொண்டுவந்து கொட்டிக்கொண்டே இருந்தால் எத்தனை சனிக்கிழமை இழுத்தாலும் தீராது. அந்தச் சத்து எந்த வாய்க்கால் வழியாக வருகிறது என்று பிள்ளைகளே தேடட்டும்.

ஆறு வருடமாக நான் செய்வது இதுதான்: ஒரே இடம், வாரம் ஒரு நாள், ஒரே நேரம், ஒரே நோட்டு. 20 செ.மீ. அகல வட்டத் தட்டை நான்காகப் பிரித்துக் கறுப்பும் வெள்ளையும் மாற்றி மாற்றிப் பூசி, அடியில் கனம் கட்டி, 10 செ.மீ.க்கு ஒரு முடிச்சு போட்ட கயிற்றில் இறக்குகிறோம். தட்டு மறையும் ஆழத்தையும், மேலே இழுக்கும்போது மறுபடி தெரியும் ஆழத்தையும் கூட்டிப் பாதியாக்கினால் நீரின் தெளிவு தெரிந்துவிடும். 1865இல் ஆஞ்சலோ செக்கி என்ற பாதிரியார் கடலில் இறக்கிப் பார்த்த வெள்ளைத் தட்டிலிருந்து வந்தது இது. பெயிண்ட் வாளி மூடியிலேயே செய்துவிடலாம்.

அப்புறம் வேறொரு வெள்ளைச் சாப்பாட்டுத் தட்டில் கொஞ்சம் சேற்று நீரை ஊற்றிக் காத்திருங்கள். முதல் வருடம் எங்களுக்குச் சிவப்புப் புழுக்கள் மட்டும்தான் கிடைத்தன. நம் ரத்தத்தில் இருக்கும் ஹீமோகுளோபின் அவற்றிலும் உண்டு, அதனால்தான் ஆக்ஸிஜன் குறைந்த சேற்றிலும் பிழைக்கின்றன. மூன்றாம் வருடம், வாலில் மூன்று இழை நீட்டிய ஒரு மேஃப்ளை இளம்பூச்சி தட்டில் நெளிந்தது. அசுத்தம் தாங்காத பூச்சி அது. வகுப்பே தட்டைச் சுற்றி மூச்சு விடாமல் நின்றது. இன்னொரு நாள் தட்டானின் இளம்பூச்சி கீழுதட்டை அம்பு மாதிரி நீட்டித் தலைப்பிரட்டையைப் பிடித்ததைப் பார்த்த பையன், அடுத்த வாரத்திலிருந்து யாரையும் அந்த ஓரத்தில் குப்பை போட விடவில்லை. நான் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

கரைக்காரன்:
மேலே சொன்னது சரி. ஒன்று சேர்த்துக்கொள்ளுங்கள்: கரைந்த ஆக்ஸிஜனை மதியம் அளந்துவிட்டுச் சந்தோஷப்பட வேண்டாம். பாசி வெயிலில் ஆக்ஸிஜனை வெளியிடுவதால் பச்சைக் குளம் பகலில் நல்ல அளவு காட்டும். இரவில் அதே பாசி ஆக்ஸிஜனை எடுத்துக்கொள்வதால் விடிவதற்கு முன்புதான் அளவு மிகக் குறையும். மீன்கள் மேலே வந்து வாயைத் திறப்பது அப்போதுதான். சூடும் சேர்ந்தால் இன்னும் மோசம்: நன்னீர் 20 டிகிரியில் லிட்டருக்கு ஏறக்குறைய 9 மில்லிகிராம் ஆக்ஸிஜன் தாங்கும், 30 டிகிரியில் 7.5தான். காலை 6 மணிக்கு ஒரு தடவையாவது பெற்றோர் துணையோடு அளக்க வையுங்கள்.

பூச்சிகளைப் பார்த்து முடித்ததும் அதே நீரில் விட வேண்டும். கை கழுவாமல் யாரும் வாயருகே எதையும் கொண்டுபோகக் கூடாது. கையில் காயம் இருப்பவர் நோட்டெழுதட்டும்.

நாணல்:
இருவருக்கும் நன்றி. கேள்வி கேட்ட அந்த மாணவியிடமே நோட்டைக் கொடுக்கப்போகிறேன். வியாழன் மாலை 4 மணி என்று வைத்திருக்கிறோம். மழை வந்தால் அந்த வாரம் விட்டுவிடலாமா?

தட்டான்:
விடாதீர்கள். மழைக்கு மறுநாள் தட்டு எவ்வளவு சீக்கிரம் மறைகிறது என்று பாருங்கள், கரை மண் எந்தப் பக்கம் அரித்து வருகிறது என்று அங்கேதான் பிடிபடும். நீர்மட்டம் ஏறியிருந்தால் மட்டும் யாரையும் ஓரத்துக்கு விடாமல், தூரத்திலிருந்து நீரின் நிறத்தை எழுதிக்கொண்டு திரும்பிவிடுங்கள்.