மெடலுக்குத் தமிழ்ச் சொல்: பதக்கமா, வில்லையா?

அனைவருக்கும் வணக்கம். கலை வரலாற்றுப் பாடநூல் ஒன்றை மொழிபெயர்க்கிறேன். வெள்ளிக்கிழமை கொடுத்தாக வேண்டும். பைசாந்தியப் பேரரசர் எட்டாம் யோவான் 1438இல் கிழக்கு, மேற்குத் திருச்சபைகளை ஒன்றிணைப்பது பற்றிப் பேச இத்தாலியின் ஃபெராரா நகருக்கு வந்தார். ஓவியர் பிசனெல்லோ அவர் முகத்தை வட்டமான உலோக வார்ப்பாகச் செய்தார். மறுமலர்ச்சிக் கால மெடல் கலை அங்கேதான் தொடங்குகிறது. 'பதக்கம்' என்றால் மாணவர்கள் ஓட்டப்பந்தயத்தை நினைப்பார்கள். என்ன சொல்லலாம்?

*

'நினைவுக்காசு' போதுமே. ஒரு பக்கம் தலை, மறுபக்கம் உருவம், சுற்றிலும் எழுத்து.

*

காசு கூடாது ஐயா. அது செலாவணி, அச்சில் அடிப்பது. பிசனெல்லோ மெழுகில் உருவம் செய்து, அதற்கு அச்செடுத்து, வெண்கலத்திலும் ஈயத்திலும் வார்த்தார். 'ஓவியன் பிசானோவின் படைப்பு' என்று பெயரும் பொறித்தார். காசில் எந்தக் கம்மியன் பெயர் போட்டான்?

*

பழைய கிரேக்க நகரமான சிரக்கூசில் காசுக்கு அச்சு வெட்டிய கிமோன் போட்டானே! அது இருக்கட்டும். யாராவது வடசொல் என்று சொன்னாலும் பதக்கத்தைத் தள்ளாதீர்கள். சோழர் கல்வெட்டுகளில் 'அக்கம்' என்று சிறு காசு வருகிறது. உருவம் பதித்த அக்கம்: பதி + அக்கம் = பதக்கம்.

*

பதி + அக்கம் 'பதியக்கம்' என்றல்லவா ஆகும்? யகர உடம்படுமெய் எங்கே போயிற்று? 'பதக' வடமொழிதான். நல்ல தமிழில் 'வில்லை' இருக்கிறது.

*

வகுப்பில் வில்லை என்றால் பூதக்கண்ணாடியும் மாத்திரையும்தான். டவாலி கட்டி, உலோக வில்லை மாட்டிய சேவகனை விட்டுவிட்டீர்களே!

*

நண்பர்களே, நாள் நெருங்குகிறது. 'வார்ப்புப் பதக்கம்' என்று போடட்டுமா?

*

பாரிசில் பதினான்காம் லூயிக்காக அச்சில் அடித்தவையும் மெடல்தானே? அந்த அத்தியாயம் வரும்போது வார்ப்பை எங்கே ஒளிப்பீர்கள்? 'நினைவுப் பதக்கம்' என்றே போடுங்கள். ஓட்டப்பந்தயத்தை ஆசிரியர் பார்த்துக்கொள்வார்.

*

எனக்கும் அதுவே சரி.

*

வேறு வழியில்லை. சரி.

*

பெரும்பான்மைக்குக் கட்டுப்படுகிறேன், உடன்படவில்லை. ஃபெராராவின் ஆட்சியாளர் லியோனெல்லோ தெஸ்தேக்குப் பிசனெல்லோ செய்த 1444ஆம் ஆண்டு மெடல் அவர் திருமணத்துக்காகச் செய்தது. மன்மதன் சிங்கத்துக்குப் பாட்டுச் சொல்லிக்கொடுக்கிறான். அது நினைவுப் பதக்கம், ஒப்புக்கொள்கிறேன். 1447இல் மாந்துவா இளவரசி செசிலியா கொன்சாகாவுக்குச் செய்ததில் பிறைநிலவும், ஒற்றைக்கொம்புக் குதிரையோடு ஒரு பெண்ணும் இருக்கிறார்கள். அது எந்த நிகழ்ச்சியின் நினைவு? 'உருவ வில்லை' என்று அடைப்புக்குறிக்குள்ளாவது சேர்த்துவிடுங்கள்.