இன்ஜெக்‌ஷன் அவுட்போர்டு: காலையில் ஸ்டார்ட் ஆக மக்கர் பண்ணுது

கேள்வி: படகுக்குப் பின்னால் மாட்டுற அவுட்போர்டு எஞ்சின், 60 எச்பி, நாலு ஸ்ட்ரோக். ராத்திரி நின்ற எஞ்சினுக்குக் காலையில் பலதடவை செல்ஃப் அடிக்கணும். ஓடினபிறகு கோளாறே இல்லை. பிளக் புதுசு. எங்கே பார்க்கலாம்?

பதில்: முதல்ல பேட்டரி, அண்ணே. செல்ஃப் அடிக்கும்போதே மல்டிமீட்டர் வைங்க. 9.6 வோல்ட்டுக்குக் கீழே இறங்கினா செல்ஃப் சுத்தும், ஈசியூ (எஞ்சினை நடத்துற கம்ப்யூட்டர்) சரியா வேலை செய்யாது. டெர்மினலில் படிந்த பச்சை உப்பையும் சுரண்டுங்க.

பதில்: காலையில் மட்டும்னா பெட்ரோல் டேங்குக்கே திரும்பி இறங்குதுன்னுதான் எனக்குப் படுது. பெட்ரோல் ஹோஸில் இருக்கிற ரப்பர் பிரைமர் பல்பை அம்புக்குறி மேலே பார்க்கப் பிடிச்சு, கெட்டியாகும்வரை அமுக்குங்க. கெட்டியாகலைன்னா உள்வால்வு போச்சு, இல்லைன்னா ஹோஸ் இணைப்பில் காற்று இழுக்குது. அப்புறம் சாவி ஆன். பெட்ரோல் பம்ப் சில விநாடி ரீங்கரிக்கும். நின்றதும் செல்ஃப் அடிங்க.

பதில்: பல்ப் கெட்டியா இருந்தும் அடம்பிடிச்சா ஃபியூயல் ரெயிலில் (பெட்ரோலைப் பீய்ச்சுற இன்ஜெக்டர்களுக்கு அதைக் கொண்டுபோகிற குழாய்) பிரஷர் கேஜ் மாட்டுங்க. ஆஃப் செய்ததும் அழுத்தம் சட்டுனு விழுந்தா இன்ஜெக்டரோ அழுத்தத்தைச் சீரா வைக்கிற ரெகுலேட்டரோ கசியுது. பெட்ரோல் சிந்தும், தீப்பொறி கிட்டேயே வரக்கூடாது.