வகுப்பில் வாய் திறக்காத பிள்ளை என்றால் மந்தமா?

கேள்வி: தேனி அம்மா
என் மகன் ஏழாம் வகுப்பு. வகுப்பில் எழுப்பிக் கேட்டால் தலையைக் குனிந்துகொள்வான். பெற்றோர் கூட்டத்தில் டீச்சர், "பையன் கொஞ்சம் மந்தம், ஐக்யூ டெஸ்ட் எடுத்துப் பாருங்க" என்று சொல்லிவிட்டார். வீட்டிலோ ரஃப் நோட்டின் பின்பக்கத்தில் எங்கள் தெருவில் வரும் பஸ்களின் நேரத்தைக் குறித்துவைத்து, மழை நாளில் எந்த பஸ் பிந்தும் என்று முன்கூட்டியே சொல்கிறான். குணத்துக்கும் அறிவுக்கும் சம்பந்தம் உண்டா? மனசே சரியில்லை.

பதில்: மலைக்கோட்டை
பேச்சுப் போட்டியில் சேர்த்துவிடுங்கள் சகோதரி. கூச்சம் போனால் எல்லாம் சரியாகும்.

பதில்: உளவியல் ஆசிரியை
அவசரப்பட்டு மேடையில் ஏற்றாதீங்கம்மா. குணத்தை ஐந்து பெரிய கூறுகளாகப் பிரித்து அளப்பது எங்கள் துறையில் வழக்கம். அதில் கலகலப்புக்கும் ஐக்யூவுக்கும் அநேகமாகத் தொடர்பே இல்லை. ஓரளவு சேர்ந்து வருவது புதியதை அறியும் ஆர்வம்தான். அதுவும் 0.2, 0.3 அளவுக்குத்தான், முழுப் பொருத்தம் என்றால் 1. மழையையும் பஸ்ஸையும் முடிச்சுப் போட்டுப் பார்க்கிற பிள்ளையிடம் அந்த ஆர்வம் நிறையவே இருக்கிறது. அந்த நோட்டை டீச்சரிடம் காட்டுங்கள்.

டெஸ்ட் எண்ணையும் தலையெழுத்தாக நினைக்க வேண்டாம். ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் லூயிஸ் டெர்மன் 1921இல் தொடங்கி, ஐக்யூ மிகுந்த சுமார் 1,500 பிள்ளைகளைப் பெரியவர்களாகும் வரை பின்தொடர்ந்தார். அந்தத் தேர்வில் தேறாமல் போன ஷாக்லி 1956இலும் அல்வரெஸ் 1968இலும் இயற்பியலுக்கான நோபல் வாங்கினார்கள். தேறிய ஆண்களிலேயே நன்றாக முன்னுக்கு வந்தவர்களையும் வராதவர்களையும் பிற்பாடு ஒப்பிட்டபோது, ஐக்யூவில் பெரிய வித்தியாசம் இல்லை. விடாமுயற்சியிலும் தன்னம்பிக்கையிலும்தான் இருந்தது. அந்தத் தன்னம்பிக்கையை "மந்தம்" என்ற சொல் உடைத்துவிடும். பிள்ளை காதுபட யாரும் அப்படிச் சொல்ல விடாதீர்கள்.

தேனி அம்மா
ரொம்ப நன்றி மேடம். அப்போ டெஸ்டே வேண்டாமா?

உளவியல் ஆசிரியை
எடுக்கலாம்மா. ஆனால் பதற்றத்தில் இருக்கிற பிள்ளைக்குத் தெரிந்ததுகூட வராது, மதிப்பெண் குறையும். அதனால் முதலில் அவனோடு பேசிப் பழகிவிட்டு, தனியாக உட்காரவைத்து எடுக்கிற உளவியலாளரிடம் போங்கள். அதற்கு முன் கண்ணையும் காதையும் பரிசோதித்துவிடுங்கள். டீச்சரிடம் ஒன்று கேளுங்கள்: வாயால் கேட்டால் திணறுகிற அதே கேள்விக்கு, எழுதச் சொன்னால் என்ன செய்கிறான்?