சர்ஜனின் கணக்கைப் பார்த்து நோயாளியை அனுப்பலாமா?

செங்கோட்டையில் சின்ன கிளினிக் வைத்திருக்கிறேன். இதயத்துக்கு பைபாஸ் ஆபரேஷன் தேவைப்படுகிறவர்களைத் திருநெல்வேலிக்கோ, ஆரியங்காவு தாண்டித் திருவனந்தபுரத்துக்கோ எழுதி அனுப்புவது வழக்கம். யாரிடம் போனவர் எப்படித் திரும்பினார் என்று ஒரு டைரியில் குறித்து வருகிறேன். போன வாரம் புரட்டினால், ஒரு சர்ஜனிடம் அனுப்பிய 9 பேரில் 2 பேர் இன்று இல்லை. மனசு கேட்கவில்லை.

ஆனால் 9 பேரை வைத்து என்ன முடிவுக்கு வருவது? அந்த இருவருக்குமே சர்க்கரையும் சிறுநீரகக் கோளாறும் இருந்தன. மற்றவர்கள் தட்டிக்கழித்ததை அவர்தான் ஏற்றுக்கொண்டார். நியூயார்க் மாநிலத்தில் 1991இல் சர்ஜன் வாரியாக பைபாஸ் இறப்பு விகிதம் வெளியானது. வயது, உடல்நிலை எல்லாம் கணக்கில் எடுத்துத்தான் போட்டார்கள். அப்படியும், சிக்கலான கேஸ்களைத் தொடவே சிலர் தயங்குகிறார்கள் என்ற புகார் வந்தது. என் டைரியில் அந்தத் திருத்தமும் கிடையாது.

நாளை மறுநாள் ஒரு பெரியவர் மகனோடு வருகிறார். "டாக்டர், நீங்க எங்க சொல்றீங்களோ அங்க போறோம்" என்பார்கள். டைரியில் உள்ளதைச் சொல்வதா, சொல்லாமல் வேறிடத்துக்கு எழுதுவதா? எல்லையோரத்தில் பிராக்டிஸ் செய்யும் நண்பர்களே, நீங்கள் என்ன செய்கிறீர்கள்? சர்ஜனிடமே நேரில் கேட்டவர் யாராவது உண்டா? கோபித்துக்கொள்வாரோ என்றும் இருக்கிறது. அவரும் எனக்கு வேண்டியவர்.