இலக்கைச் சுவரில் ஒட்டுவதா, ஒருத்தரிடம் மட்டும் சொல்வதா?

வணக்கம். இலங்கை மலையகத்தில், ஹட்டன் பக்கம் உயர்தரப் (ஏ/எல்) பிள்ளைகளுக்கு மாலை வகுப்பு நடத்துறோம். ஆளாளுக்கு இலக்கை எழுதிச் சுவரில் ஒட்டலாம்னு ஒரு யோசனை வந்திருக்கு. எங்களுக்குச் சம்மதமில்லை. "டொக்டராகப் போறேன்"னு சொன்ன அன்னைக்கே தேயிலைத் தோட்டத்து லயத்து வீடுகள் எல்லாம் டொக்டர்னு கூப்பிடும். அந்தத் திருப்தியிலேயே படிப்பு தளரும். உளவியலாளர் பீட்டர் கோல்விட்சர் குழுவின் 2009 ஆய்வு காட்டியதும் ஏறக்குறைய இதுதான். ஆனா, தான் மதிக்கிற ஒருத்தரிடம் சொன்னா பிடிப்பு கூடுதுன்னு ஆய்வாளர் ஹோவர்ட் கிளைன் குழு 2020இல் எழுதியிருக்கு.

அதனால "மூணு ஏ எடுக்கணும்" வேண்டாம்; "திங்கள் ராவு 7 மணி, உயிரியல் பழைய பேப்பரில் 2 கேள்வி"ன்னு எழுதி, ஞாயிறு ஒரு சேரிடம் (ஆசிரியரிடம்) காட்டட்டும். சேருக்கு மாற்றல் வந்தா எல்லாம் அறுந்துடும், அதுதான் சிக்கல். உங்க தோட்டத்தில் அந்த இடத்துக்கு யாரை வைக்கிறீங்க? பெற்றோருக்கு எவ்வளவு சொல்றீங்க?